ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். நான் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, ஏகாம்பரம் வந்து தன் இடத்தில் உட்காருவதற்காகக் காத்திருந்தேன்.

வந்தான். ஆனால் உட்காரவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, கையில் குடை, நெற்றி நிறைய விபூதி. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, தறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாபா இது?" என்றான்.

"நேத்தே சொன்னேனே. நெய்யலாம் உக்காரு."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"தெரியும்."

"சர்ச்சுக்குப் போவல?"

"போவல. இனிமேலும் போறதா இல்ல. நீ வந்து உக்காரு, முகூர்த்தப் பொடவ நிக்குது."

ஏகாம்பரம் மறுபடி தறியைப் பார்த்தான். தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் உக்கார மாட்டேன்" என்றான்.

இந்தத் தொடரைப் போன வாரம் என் மனைவி எஸ்தரின் அடக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர் போன் செய்து அழுதார்கள். நானும் சேர்ந்து அழ வேண்டியதாகிவிட்டது. இந்த வாரம் யாரும் அழ வேண்டாம். இது நன்றி சொல்கிற வாரம். அவள் போன பிறகு நான் இயேசுவை விட்டு எழுந்து போய்விடப் பார்த்ததையும், போக முடியாமல் போனதையும் சொல்லப் போகிறேன்.

ஒருவர் மட்டும் ஓட்ட முடியாத தறி

ஏகாம்பரம் உட்காராவிட்டால் எனக்கென்ன, நானே நெய்துகொள்வேன் என்று எழுந்து நின்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடியாது. அன்று தறியில் இருந்தது கோர்வைப் புடவை.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நூலால் நெய்துகொண்டே, சேருகிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். தறியின் நடுவில் நான் உட்கார்ந்து உடல் நூல் சுற்றிய நாடாவை, அதாவது குறுக்கே ஓடும் கட்டையை, வீசுவேன். எனக்கு வலது கைப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். நான் வீச, அவர் தள்ள, நான் பலகையை இழுத்து அடிக்க. ஒருவர் எழுந்து வெற்றிலை போடப் போனாலும் தறி நின்றுவிடும்.

கல்யாணமான புதிதில் அந்த இடத்தில் எஸ்தர் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே நாடா தள்ளுவாள். எங்கள் சண்டைகள் பாதி அங்கேதான் நடந்தன, சமாதானமும் அங்கேதான். மகன் பிறந்த பிறகு அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அப்போதுதான் ஏகாம்பரம் வந்தான்.

அவன் வந்ததும் ஒரு கதை.

ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல்

ஏகாம்பரமும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அவன் வீட்டில் பரம்பரையாகச் சிவபக்தி. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பெரிய கோயிலுக்குப் போய், வரும்போது எனக்கும் சேர்த்து மசால் வடை வாங்கி வருவான். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலேயே கிறிஸ்தவர்களாகிவிட்டோம். எனக்குத் தாவீது என்று பெயர் வைத்தார்கள். தெருவில் ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. டேவிட்டு என்றே ஆகிப்போனது.

ஒரு மழைக்காலத்தில் ஓரிக்கை பக்கம் யார் வீட்டுக்கோ போய்விட்டு வரும்போது ஏகாம்பரம் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். நான் தினமும் தறி வேலை முடிந்ததும் போவேன். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன். கிளம்புவதற்கு முன்னால் கால்மாட்டில் நின்று ஜெபம் செய்வேன்.

முதல் நாள் அவனே கேட்டதுதான். "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையேன்பா" என்றான். நான் கண்ணை மூடி ஆரம்பித்ததும், "சொல்றத மெதுவா சொல்லு. பக்கத்து பெட்டுல இப்பத்தான் தூங்கறாரு" என்றான். அதிலிருந்து தினமும் மெதுவாகவே சொன்னேன். ஆண்டவரே, இவன் எழுந்து நடக்க வேண்டும், இவன் மனைவி பயந்துபோயிருக்கிறாள், அவளைப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. எதிரே நிற்கிற ஆளிடம் பேசுவது போலத்தான் பேசுவேன்.

ஏகாம்பரம் எழுந்து நடந்தான். ஆனால் குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டு மிதிக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. தன் தறியைக் கொடுத்துவிட்டு என் தறியின் கரைப் பக்கம் வந்து உட்கார்ந்தான். அந்த இடத்துக்குக் கால் வேலை கிடையாது.

இரண்டு லீவு

வந்து உட்கார்ந்த முதல் மாதமே தகராறு. அமாவாசை வந்தது. நெசவுத் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. ஏகாம்பரம் வரவில்லை. ஞாயிறு வந்தது. நான் சர்ச்சுக்குப் போய்விட்டேன். அவன் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"உன் சாமிக்கு வாராவாரம் லீவா? எங்க சாமிக்கு மாசத்துக்கு ஒண்ணுதான்" என்றான் மறுநாள்.

"நீ வேணா ஞாயித்துக்கெழம வேற தறியில உக்காரேன்" என்றேன்.

"எவன் ஒரு நாளைக்குன்னு கூப்புடுவான்?"

கடைசியில், அவனுக்காக அமாவாசை, எனக்காக ஞாயிறு, இரண்டு நாளும் தறிக்கு ஓய்வு என்று முடிவானது. புடவை கொடுக்கும் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். சர்ச்சில் ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்து, "நீங்க அமாவாசை அனுசரிக்கிறீங்களாமே தம்பி?" என்று கேட்டார். "அமாவாசையை இல்லைங்க, ஏகாம்பரத்தை அனுசரிக்கிறேன்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கு இருந்தது.

அமாவாசையும் ஞாயிறும் ஒரே நாளில் வந்தால் ஏகாம்பரத்துக்கு வயிற்றெரிச்சல். ஒரு லீவு வீணாகிவிட்டது என்று வாரம் முழுக்கப் புலம்புவான். காலண்டரில் அதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, பண்டிகைக்குப் பண்டிகை முதலாளியிடம் அதற்கு ஈடாக ஒரு லீவு கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இப்படியே வருஷங்கள் போயின. அவன் மகள் வளர்ந்து ஏனாத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். பேரன் பிறந்தான். அதிலிருந்து ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஏனாத்தூர் போவது ஏகாம்பரத்தின் வழக்கம். பேரன் தூங்கி எழும்போது எதிரில் தன் முகம்தான் தெரிய வேண்டும் என்பான்.

ஆறுதல் கூட்டம்

எஸ்தரின் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து அவள் போகும் வரை நாங்கள் ஜெபித்தோம். நான், மகன், சபையார், ஊரில் யார் யாரோ. சென்னைக்கு வண்டியில் போகும்போதும் ஜெபம், வரும்போதும் ஜெபம். உபவாசமும் இருந்தேன். அவள்தான் திட்டுவாள். "நீங்க சாப்பிடாம இருந்தா எனக்குக் கட்டி கரைஞ்சிடுமா? ஆண்டவருக்குத் தெரியும், நீங்க சாப்புடுங்க."

அவள் போய்ச் சில நாட்களுக்குப் பின் வீட்டில் ஆறுதல் கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்யும் ஒரு சகோதரர் வந்திருந்தார். நல்ல குரல். நல்ல சட்டை. பேச்சின் நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுகம் தர ஆண்டவர் ஆயத்தமாத்தான் இருக்கார், பிரதர். வாங்கிக்கிற விசுவாசம் வீட்டுல இருந்ததா என்பதுதான் கேள்வி."

நாற்காலிகள் நிறைய ஆட்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சர்ச்சின் ஆயர் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தச் சகோதரர்மேல் வந்த கோபத்தைவிட ஆயர்மேல் வந்த கோபம் பெரிது. இருந்தாலும் கோபம் பரவாயில்லை, அது கொஞ்ச நாளில் ஆறிவிடும். அந்தக் கேள்விதான் ஆறவில்லை. என்னிடம் விசுவாசம் இருந்ததா? எவ்வளவு இருந்தது? அன்றைக்கு வண்டியில் வரும்போது பயந்தேனே, அதனாலா? டாக்டர் சொன்னதைக் கேட்டு அழுதேனே, அதனாலா?

புதிதாக நெசவுக்கு வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாலு அடி அடிப்பார்கள், உடனே நெய்ததை முழம் போட்டுப் பார்ப்பார்கள். மறுபடி நாலு அடி, மறுபடி முழம். அந்த நேரமெல்லாம் தறி நின்றுகொண்டிருக்கும். நான் அப்படித்தான் ஆனேன். காலையும் மாலையும் என் விசுவாசத்தை முழம் போட்டேன். போடும்போதெல்லாம் குறைந்துகொண்டே வந்தது.

ஜெபிக்க வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. எதிரே ஆள் நிற்பது போலப் பேசிப் பழகியவன் நான். இப்போது எதிரே யாருமில்லை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினேன். சில ஞாயிறுகள் வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தேன். படுத்திருந்தால் அவள் நினைவு. சரி, இனி ஞாயிறும் நெய்துவிடுவோம், இந்தக் கணக்கை முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

ஞாயிறன்று தறி ஓடிவிட்டால் அவ்வளவுதான், பிறகு நான் திரும்ப மாட்டேன். எனக்கே அது தெரிந்திருந்தது.

"எனக்கு ஞாயித்துக்கெழம வேணும்"

இப்போது வாசலில் குடையோடு நிற்கிற ஏகாம்பரத்திடம் திரும்பி வருகிறேன்.

"ஏன் உக்கார மாட்டே?" என்று கேட்டேன்.

"இந்த லீவு இன்னாத்துக்கு உட்டது? உனக்காவ. உன் சாமிக்காவ. நீ சர்ச்சுக்குப் போறேன்னுதான் மொதலாளியும் வாய மூடிக்கினு இருக்காரு. நீ போவலன்னா ஞாயித்துக்கெழமயும் வேல நாளாயிடும். அப்புறம் எம் பேரன நான் எப்பப் பாக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் பொண்டாட்டி போயிட்டா. எனக்கு எல்லாம் உட்டுப் போச்சு. உனக்கு உன் பஸ்ஸு பெருசா?"

"ஆமாம்பா. எனக்கு ஞாயித்துக்கெழம வேணும்" என்றான், முகம் மாறாமல். "நீ சாமி கும்புடு, கும்புடாதே, அது உன் இஷ்டம். பாட்டு பாடாதே. கண்ணக்கூட மூடாதே. போயி உக்காந்துட்டு மட்டும் வா. பஸ்ஸுக்கு நேரமாவுது எனக்கு."

குடையைத் தட்டிக்கொண்டு போயே விட்டான்.

வெறும் தறியில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கரைப் பக்கத்து நாடா அவன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எட்டி எடுத்து நானே தள்ளிப் பார்த்தேன். பிசகி நூல் அறுந்தது. அதை முடி போட்டுவிட்டு எழுந்து முகம் கழுவினேன். சர்ச்சுக்குப் போகலாம் என்று முடிவு செய்யவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

காந்தி ரோட்டில் அந்த நேரத்திலேயே வெளியூர் வேன்கள் வந்து நின்றிருந்தன. மொபெட்டில் வந்த ஒரு தரகர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "சார், பட்டுப் பொடவ பாக்கணுமா? நேரா நெசவுக்காரர் ஊட்டுக்கே கூட்டிக்கினு போறேன்" என்றார். வேறொரு நாளாக இருந்திருந்தால் எஸ்தரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். சொல்ல ஆளில்லை என்பது அந்த இடத்தில்தான் முதல் தடவையாக முழுசாக உறைத்தது.

தூணுக்குப் பின்னால்

சர்ச்சுக்குள் போனபோது ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, யாரும் வந்து கையைப் பிடித்து "எப்படி இருக்கீங்க பிரதர்" என்று கேட்கக் கூடாது. கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெரிய தூண் இருக்கிறது. அதன் பின்னால் கைக்குழந்தைக்காரர்கள் உட்காருவார்கள், தூங்க வருகிறவர்கள் உட்காருவார்கள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி ஒன்று கிறீச் கிறீச்சென்று சுற்றியது.

அந்தத் தூண் பிரசங்க பீடத்தை மறைக்கும். ஆயரின் நாற்காலியை மறைக்கும். முன்வரிசையில் உட்காரும் கமிட்டிக்காரர்களை மறைக்கும். அன்று ஆறுதல் கூட்டத்துக்கு வந்து நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையும் அங்கிருந்து பார்க்க முடியாது. தெரிவதெல்லாம் நற்கருணை மேஜையின் ஒரு பாதி, மேலே விரித்த வெள்ளைத் துணி, அதன் மேல் நிற்கும் சிலுவை. வேறொன்றும் தெரியாது.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏகாம்பரம் சொன்னது போலவே பாட்டுப் பாடவில்லை, கண்ணை மூடவில்லை. உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இரண்டாம் வாரமும் அப்படித்தான். சனிக்கிழமை வேலை முடிந்து எழும்போது ஏகாம்பரம், "நாளைக்கு உண்டில்ல?" என்று மட்டும் கேட்பான். "உண்டு உண்டு, நீ பேரனப் பாரு" என்று எரிந்து விழுவேன்.

பிறகு, இயேசுவின் உடலாக அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் நற்கருணை ஞாயிறு ஒன்று வந்தது. போய் முழங்கால் போடப் போவதில்லை என்று தீர்மானமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆயர் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் முகம் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு கைகள் மட்டும் என் பக்கம் தெரிந்தன. கைகள் அப்பத்தை எடுத்தன. உயர்த்தின. பிட்டன.

என் மனதில் எஸ்தர் வந்துவிட்டாள்.

கடைசி மாதத்தில் ஆயர் வீட்டுக்கே வந்து அவளுக்கு நற்கருணை கொடுத்தார். அவளால் விழுங்க முடியவில்லை. துளி அப்பத்தை நாக்கில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே கிடந்தாள். ஆயர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அவருக்கும் உடம்பு வலிச்சுதுதானேங்க" என்றாள். "வலிச்சவருகிட்ட சொன்னா புரியும். எனக்கு அவர் மட்டும் கூட இருந்தா போதும்."

அவள் ஒரு நாளும் தன் விசுவாசம் எவ்வளவு என்று என்னிடம் கேட்டதில்லை. அந்த நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. படுத்த படுக்கையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவரை. நான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. அந்தச் சகோதரர் என் பார்வையைத் திருப்பி என்மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். என்னைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்ன கிடைக்கும்? இருட்டுதான் கிடைத்தது.

அங்கே மேஜையில் உடைந்து கிடந்தது அவருடைய உடம்பு. அடி வாங்கிய உடம்பு, தாகமாயிருக்கிறேன் என்று சொன்ன உடம்பு. என் விசுவாசத்தை அளந்து பார்த்துவிட்டு அவர் சிலுவைக்குப் போகவில்லை. எஸ்தர் வலியில் புரண்ட இரவுகளில் அவர் எங்கேயோ தள்ளி நின்று எங்கள் ஜெபத்தை எடை போட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்தார். அவள் சொன்னாளே. நான்தான் காதில் வாங்கவில்லை.

பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தையின் துண்டை எடுத்து என்னிடம் நீட்டிய பிறகுதான் நான் எப்படி அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. துடைத்துக்கொண்டு எழுந்து போய் முழங்கால் போட்டேன். அப்பத்தைக் கையில் வாங்கும்போது, "ஆண்டவரே, நான் வந்துட்டேன்" என்றேன். எதிரே ஆள் இருந்தார்.

அன்று ஆராதனை முடிந்து ஆயர் தூண் வரைக்கும் நடந்து வந்தார். "அன்னிக்கு உங்க வீட்டுல நான் பேசியிருக்கணும், தாவீது. தைரியம் வரல" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

துக்கம் அதோடு தீர்ந்தது என்று எழுதினால் பொய். அதன் பிறகும் வெறும் ஞாயிறுகள் நிறைய வந்தன. ஜெபம் பாதியில் அறுந்தது. ஆனால் அறுந்தால் முடி போட்டுக்கொள்ள இப்போது தெரிந்திருந்தது. தூணுக்குப் பின்னால் போய் உட்காருவேன். முழம் போடும் எண்ணம் வந்தால் மேஜையைப் பார்ப்பேன்.

பாய் கடை டீ

மாதங்கள் கழித்து, ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை உண்டு. தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னால் எப்போதும் வேன்கள் நிற்கும். நான் அங்கே போனதே இல்லை. அன்று மழைக்காக ஓடிப்போய் ஒதுங்கினேன்.

கடை பாய் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "உங்க தோஸ்து இப்பத்தான் கெளம்பிப் போனாரு" என்றார்.

"எந்த தோஸ்து?"

"அதாம்பா, விபூதி வச்சுக்கினு, குடையோட வருவாரே. கொஞ்சம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பாரு."

"ஏகாம்பரமா? அவனுக்கு இங்க இன்னா வேல? அவன் காலைல மொத பஸ்ஸுலயே ஏனாத்தூர் போயிடுவானே."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மாசக்கணக்கா வராரு. இந்த பெஞ்சுதான். நீங்க அந்த கேட்டுக்குள்ள போறதப் பாப்பாரு. மொதல்ல எல்லாம் நீங்க வெளிய வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தாரு. நடுவுல எழுந்து போயிடுவீங்களோன்னு பயம் போல. இப்போ கொஞ்ச நாளா, நீங்க உள்ள போனதும் ஒரு டீ குடிச்சுட்டுக் கெளம்பிடறாரு. இன்னிக்கு மழையில மாட்டிக்கினாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏகாம்பரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், பேரன் எழும்போது போய் நிற்க வேண்டும், அதற்காக என்னை சர்ச்சுக்கு விரட்டினான் என்பதுதான். அந்தப் பேரன் இத்தனை மாதமாக ஞாயிறு காலையில் தாத்தா முகத்தைப் பார்க்காமலே எழுந்திருக்கிறான்.

டீயைக் குடித்து முடித்தேன். பாய் காசு வாங்க மறுத்தார். பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு மழையிலேயே நடந்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை

மறுநாள் வழக்கம் போலத் தறியில் உட்கார்ந்தோம். மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை. நான் வீச, அவன் தள்ள, நான் அடிக்க. கொஞ்ச நேரம் போனதும் கேட்டேன்.

"நேத்து ஏனாத்தூர் போனியா?"

"போனேன்."

"பொண்ணு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது."

"பேரன்?"

"நல்லா இருக்கான்."

"பாய் கடை டீ?"

அவன் கையில் நாடா நின்றது. தறி நின்றது. என் பக்கம் திரும்பவே இல்லை.

"சர்க்கரை ஜாஸ்தி போடறாரு" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கரை நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குபா இதெல்லாம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்போ யார் யாரோ வந்தாங்க, பாத்தாங்க, போனாங்க. நீ தெனம் வந்து கால்மாட்டுல நின்னு அவர்கிட்ட பேசிக்கினு இருந்தே. எதிர்ல ஆளு நிக்கற மாதிரி பேசினே. எனக்கு அவரத் தெரியாது. எங்க சாமி எனக்கு. ஆனா உன்னத் தெரியும்." நாடாவை மடியில் வைத்தான். "நாளைக்கு எனக்கோ எம் பேரனுக்கோ எதுனா ஒண்ணுன்னா, அவர்கிட்ட சொல்லச் சொல்லி நான் யார்கிட்டபா போவேன்? நீயே அவரோட பேச்சு வார்த்தை இல்லாம உட்டுட்டா?"

எனக்கு எதிரில் இருந்த நூல் தெரியவில்லை. அவ்வளவு நாளும் என் விசுவாசம் என் சொந்தப் பாடு, விட்டால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறந்து கேட்காமலே, அதில் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறான்.

"இனிமே பாய் கடைக்கு வர வேணாம். நான் போய்க்கறேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"சரி, நாடாவ உடு. முகூர்த்தம் நெருங்குது" என்றான்.

இதை அச்சில் பார்த்தால் ஏகாம்பரம் என்னைத் திட்டுவான், திட்டட்டும். ஆண்டவருக்கு நான் நன்றி சொல்கிற விஷயங்கள் பல. எஸ்தரைக் கொடுத்ததற்கு, அவள் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தைக்கு, அவர் முகத்தை மட்டும் எனக்குத் தெரியவிட்டு மற்றதையெல்லாம் மறைத்த ஒரு தூணுக்கு. தெருவில் அத்தனை பேர் இருக்க, தன்னைத் தெரியாத ஒருவனைக் கரைப் பக்கம் உட்கார வைத்து என்னைத் தன்னிடம் திருப்பியதற்கு ரொம்பவே நன்றி.

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. சர்ச் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தேன். அன்று வேன் ஒன்றும் நிற்கவில்லை, கடை நன்றாகத் தெரிந்தது. பெஞ்சு காலியாக இருந்தது. பாய் அங்கிருந்து கையை ஆட்டி, ஏகாம்பரம் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார் என்று ஜாடை காட்டினார்.

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் என் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.